எடுக்காத நூற்று நாற்பத்தாறு நாள்

தெலுக் இந்தான்
8 ஏப்ரல் 2025

கலாதேவி அக்காவுக்கு,

டிரைவர் உடையப்பன் எழுதுவது. உங்களைப் போனில் பதினேழு முறை கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. இனி எடுத்தாலும் நான் போனில் பேசுவதாக இல்லை. போனில் சொன்னதை நம்பித்தான் எனக்கு இந்தக் கதி. காகிதத்தில் கேட்கிறேன், காகிதத்தில் பதில் போடுங்கள்.

நேற்று திங்கட்கிழமை, லீவு முடிந்து ஈப்போவில் வேலைக்குப் போனேன். வாசல் மெஷினில் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு விரலை வைத்தேன், அதற்கும் சிவப்பு. மாடிக்குப் போனால் உங்கள் நாற்காலியில் ஒரு சின்னப் பெண். நீங்கள் பிப்ரவரியிலேயே தஞ்சோங் மாலிம் கிளைக்கு மாறிப் போய்விட்டதாகச் சொன்னாள். எனக்கு அதுவே புதுச் செய்தி. பிறகு என் ஐசி அடையாள அட்டை நம்பரைத் தட்டிப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. "பாச்சிக், உங்களை வேலையை விட்டு நீக்கி மூணு வாரம் ஆச்சே, சூராட், லெட்டர் ஒண்ணும் வரலையா?" என்று மலாய்க்காரர்கள் மாமா என்கிற முறையில் கேட்டாள்.

சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராததற்காக நீக்கமாம். பதிவுத் தபாலில் மூன்று கடிதம் அனுப்பினார்களாம், மூன்றும் திரும்பி வந்ததாம், ஆள் தலைமறைவு என்று எழுதிவிட்டார்களாம். நானா தலைமறைவு? இந்த இலாகா ஜீப்பை இருபத்தொன்பது வருஷம் ஓட்டியவன் நான். வெள்ளத்தில் பாலம் போன அன்றைக்கும் ஏழரைக்கு வந்து நின்றவன்.

சரி, என் லீவு நாட்கள் என்ன ஆகும் என்று கேட்டேன். நான் பென்ஷன் எடுக்காமல் இ.பி.எஃப் சேமநிதி எடுத்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெறும்போது எடுக்காத லீவைக் கணக்குப் பார்த்துத் தரும் பணம்தான் எனக்குப் பெரிய தொகை. அந்தப் பெண் ஏதோ சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீக்கப்பட்டவங்களுக்கு அது கிடையாது, பாச்சிக்" என்றாள். மொத்தம் நூற்று நாற்பத்தாறு நாள் அக்கா. பணம் தரமாட்டீர்கள் என்றால் அந்த நாட்களையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஜனவரி நாலாம் தேதி, நவமணிக்குக் கைகால் இழுத்துக்கொண்ட அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். "அக்கா, அறுபது நாள் போட்டுடுங்க" என்றேன். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மனைவியைப் பாருங்கள்" என்றீர்கள். மார்ச் சம்பளம் வராதபோதுகூட நோன்புப் பெருநாள் நெருக்கடி, தாமதமாக வரும் என்று சும்மா இருந்தேன்.

கம்ப்யூட்டரில் என் லீவைப் போட்டீர்களா, இல்லையா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உடையப்பன்


தஞ்சோங் மாலிம்
15 ஏப்ரல் 2025

உடையப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நவமணிக்கு இப்போது எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மகள் சரளா வீட்டில்தான் இருக்கிறாள் என்று விலாசத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் நாலாவது மாடி வீட்டுக்கு அவளால் இனி ஏற முடியாதுதான்.

ஜனவரி கடைசியில் எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. அது முடிந்த கையோடு மாற்றல் உத்தரவு வந்தது. போனை எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடிதங்கள் ஏன் உங்களுக்கு வரவில்லை? உங்கள் சேவைப் பதிவில் இருப்பது ஆறாங்கட்டைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டு விலாசம். அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டியே இருபது வருஷமாகிறது. லயத்தில் பாதியை இடித்தும் ஆயிற்று. நீங்கள் இருப்பது புந்தோங் அடுக்குமாடியில். "விலாசத்தை மாற்றுங்கள், மாற்றுங்கள்" என்று நான் எத்தனை முறை கதைத்திருப்பேன்? ஒவ்வொரு முறையும் "இருக்கட்டும் அக்கா, அவசரம் என்னலா" என்று சிரித்துவிட்டுப் போனது நீங்கள்தான். என்மேல் கோபப்படும் முன் அதையும் யோசியுங்கள்.

மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. தவணை குறைவு. நீக்கல் உத்தரவு எப்போது கையில் கிடைத்ததோ அந்தத் தேதியைக் குறிப்பிட்டு உடனே எழுதுங்கள். சரளாவிடம் சொன்னால் தட்டச்சு செய்து தருவாள். ஆஸ்பத்திரிச் சான்றிதழ்களின் பிரதிகளை இணைக்க மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
கலாதேவி


தெலுக் இந்தான்
21 ஏப்ரல் 2025

அக்கா,

நாலு பத்தி எழுதியிருக்கிறீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் அதில் எங்கும் இல்லை. கவர்மெண்ட் கடிதம் எழுதி எழுதிப் பழகிய கை.

விலாசத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். தோட்டத்தை வாங்கிய கம்பெனி, மிச்சமிருக்கும் குடும்பங்களுக்கு அங்கேயே மலிவு விலையில் தரைவீடு தருவதாகச் சொல்லியிருக்கிறது. யாருடைய ஐசியிலும் வேலைப் பதிவிலும் தோட்டத்து விலாசம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் வீடு. விலாசத்தை மாற்றியவன் வெளியாள். ஏழு குடும்பம் அப்படி இந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அந்த வீட்டின் முன்பணத்துக்குத்தான் லீவை எடுக்காமல் சேர்த்தேன். மாடிப்படி இல்லாத வீடு அக்கா. நவமணியை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம்.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். கடிதங்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட வேண்டும் என்று ஆத்திரம். கோலா கங்சாரில் பஸ் இறங்கி, ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனேன். லயத்தில் பகலில் இருக்கும் ஆள் சீனி ஒருவன்தான், கோயிலைப் பார்த்துக்கொள்கிறவன். என்னைப் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணே, உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன். போஸ்காரன் மூணு வாட்டி வந்தான்லா. மூணு வாட்டியும் உங்க பேருக்குத்தான். கையெழுத்துப் போடுன்னான். போடுவேனா நான்? அப்படி ஒரு ஆளு இங்க இல்லவே இல்லைன்னு விரட்டி விட்டுட்டேன்!"

அக்கா, நான் அப்படியே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவன்மேல் பிழை இல்லை. 2019இல் கம்பெனி எங்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விட ஆரம்பித்தபோது, கோயிலில் கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் எழுதினோம். பதிவுத் தபால் எது வந்தாலும், யார் பேருக்கு வந்தாலும், தோட்டத்தில் ஒருவரும் கையெழுத்துப் போட்டு வாங்கக் கூடாது. வாங்கினால் நோட்டீஸை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயம். அந்தத் தீர்மானத்தை எழுதியது யார் தெரியுமா? நான்தான். கவர்மெண்டில் வேலை பார்ப்பவன், இதெல்லாம் தெரிந்தவன் என்று பேனாவை என்னிடம்தான் கொடுத்தார்கள். கீழே முதல் கையெழுத்தும் என்னுடையது. இன்னும் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறது.

சீனி டீ கலந்து கொடுத்தான். என்னைக் காப்பாற்றிவிட்டதாக அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

என் முட்டாள்தனத்தை மறைக்காமல் எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. லீவைப் போட்டீர்களா, இல்லையா?

உடையப்பன்


தஞ்சோங் மாலிம்
29 ஏப்ரல் 2025

தம்பி உடையப்பன்,

போடவில்லை.

இதை எழுதவே எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் ஆறு டிரைவர்களும் உங்கள் கடவுச்சொல்லை என்னிடம் தந்திருந்தீர்கள். லீவு, ஓவர்டைம், மருத்துவச் சீட்டு எல்லாம் உங்கள் பெயரில் நுழைந்து நானே தட்டிவிடுவேன். கடவுச்சொற்களை மேசைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். உங்களுடையதைப் பார்க்கவே தேவையில்லை. நவமணி, அடுத்து உங்கள் கல்யாண வருஷம். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் நீங்கள் ஒரு டப்பா முறுக்கோடு வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பீர்கள். "இந்த வருஷம் எவ்வளவு சேர்ந்துச்சு அக்கா?" நான் பார்த்துச் சொல்வேன். உங்களோடு சேர்ந்து நானும்தான் அந்த நாட்களைச் சேர்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் என் பிழையின் தொடக்கம்.

நீங்கள் கூப்பிட்ட இரண்டாம் நாள், ஜனவரி ஆறாம் தேதி, காலையில் உங்கள் பக்கத்தைத் திறந்தேன். அறுபது நாள் என்று தட்டினேன். மிச்சம் எண்பத்தாறு என்று காட்டியது. எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டு முன்பணத்துக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு எங்கள் பெரிய அதிகாரியிடம் போய்க் கதைத்தேன். "தாக் ஆப்பா லா, பரவாயில்லை, மனைவியைப் பார்க்கச் சொல்லுங்க, அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார். எழுத்தில் வாங்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்தவள், எழுத்தில் வாங்கவில்லை! ஒரு மாதத்துக்குள் அவர் மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவர் வருகைப் பதிவைப் பார்த்தார். அப்போது நான் கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன். கண் திறந்தபின் மாற்றல், வீடு தேடுதல் என்று நாட்கள் ஓடிவிட்டன. பழைய அதிகாரி எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று நம்பினேன்.

மார்ச் மாதம் ஈப்போவிலிருந்து ஒருவர் சொல்லித்தான் உங்களை நீக்கியது தெரியும். அன்றிலிருந்து உங்கள் அழைப்பு வரும்போதெல்லாம் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன். கண் சிகிச்சை என்று போன கடிதத்தில் எழுதியது சாட்டு, வெறும் சாக்கு.

இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உங்கள் மேல்முறையீட்டுக்குப் பலம். ஆனால் அடுத்தவர் கடவுச்சொல்லில் நுழைவது பெரிய குற்றம். எனக்கு டிசம்பரில் ஓய்வு. நானும் நூற்றைம்பது நாள் சேர்த்து வைத்திருக்கிறேன். என்னையும் நீக்கினால் அதுவும் போய்விடும், என் பென்ஷனும் போய்விடும். ஓய்வுக்குப் பின் என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை. பயமாக இருக்கிறது உடையப்பன். அந்த வாக்குமூலத்தை நேற்று எழுதினேன். உறையில் போட்டேன். இன்னும் ஒட்டவில்லை.

கலாதேவி


தெலுக் இந்தான்
6 மே 2025

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்கு வெளியே போய் ஆற்றங்கரை வரைக்கும் நடந்தேன். கத்த வேண்டும் போல இருந்தது. நவமணி பக்கத்தில் கத்த முடியாது, அவளுக்கு இப்போது சத்தம் ஆகாது.

என் நாட்களைக் காப்பாற்றப் போய் மொத்தத்தையும் இழக்க வைத்தீர்களே! உங்களை யார் கேட்டது? அறுபது போடுங்கள் என்றேன், அறுபது போட்டிருந்தால் முடிந்தது. எண்பத்தாறு போதுமா போதாதா என்று நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? இரண்டு நாள் உங்கள் மேல் அப்படி ஒரு வெறுப்பு இருந்தது. மறைக்கவில்லை.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். நவமணிக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் நாலைந்து வார்த்தைதான் வரும். தினமும் நான் கஞ்சி ஊட்டும்போது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு "லீவா?" என்று கேட்பாள். ஆமாம், லீவு என்பேன். நீக்கியதை அவளிடம் சொல்லவில்லை. இன்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பாதி முகம்தான் சிரிக்கிறது. யோசித்துப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இந்த ஜனவரி வரைக்கும், இன்றுபோல ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் வீட்டில் இருந்ததில்லை. சரளா பிறந்த அன்றுகூட மதியத்துக்குள் ஜீப்புக்குத் திரும்பிவிட்டேன். நவமணி தலை சுற்றுகிறது, தலை சுற்றுகிறது என்று போன வருஷம் முழுக்கச் சொன்னாள். டாக்டரிடம் கூட்டிப் போக ஒரு நாள் லீவு போடச் சொன்னாள். சனிக்கிழமை போகலாம், சனிக்கிழமை போகலாம் என்று தள்ளினேன். லீவு குறைந்துவிடுமாம். நீங்கள் செய்ததைத்தான் நானும் அவளுக்குச் செய்திருக்கிறேன் அக்கா.

அந்த உறையை ஒட்டாதீர்கள். கிழித்துப் போடுங்கள். மேல்முறையீட்டைச் சரளா டைப் அடித்து அனுப்பியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கிறது, சீனி வந்து சாட்சி சொல்கிறேன் என்கிறான். நடப்பது நடக்கட்டும். ஒரு ஆள் நாசமானது போதும், இரண்டு பேர் எதற்கு?

நவமணி உங்களை விசாரித்தாள். உங்கள் பெயரைச் சொல்ல வரவில்லை, "கண்ணாடி அக்கா" என்றாள்.

உடையப்பன்


தஞ்சோங் மாலிம்
10 மே 2025

தம்பி,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வாக்குமூலத்தை நான் புதன்கிழமையே அனுப்பிவிட்டேன். பதிவுத் தபாலில்.

திட்ட வேண்டாம். நவமணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கலாதேவி


தெலுக் இந்தான்
19 ஆகஸ்ட் 2025

கலாதேவி அக்காவுக்கு,

இன்று முடிவு வந்தது. போன மாதமே விலாசத்தைச் சரளா வீட்டுக்கு மாற்றிவிட்டேன். தரைவீடு போனால் போகட்டும் என்றுதான் மாற்றினேன். ஆனால் சீனியும் மற்றவர்களும் கம்பெனி ஆபீசுக்குப் போய், "இவரு எங்க ஆளுதான்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது.

முடிவைச் சொல்கிறேன். நீக்கம் ரத்து. வராத அறுபது நாளையும் என் லீவிலிருந்தே கழித்துக்கொள்வார்களாம். சரியான விலாசம் தராததற்கு ஒரு எச்சரிக்கை. மீதி எண்பத்தாறு நாளுக்கு, நான் ஓய்வு பெறும்போது பணம் உண்டு. சரளா வாசித்துச் சொன்னதும் நான் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னேன். நான் ஜனவரியில் கேட்டதும் இதேதான் அக்கா, அறுபது போக எண்பத்தாறு. இந்த இடத்துக்கு வந்து சேர எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

ஆனால் கடைசிப் பத்தியைச் சரளா வாசிக்கவில்லை. ஏதோ மறைக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. பிடுங்கிப் பார்த்தேன். உங்கள் வாக்குமூலத்தை வைத்துத்தான் முடிவு எடுத்தார்களாம். கடவுச்சொல்லைப் பயன்படுத்திய ஊழியர் மேல் தனியாக நடவடிக்கை என்று போட்டிருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது.

நான்தான் உங்களிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தேன், நான்தான் போடச் சொன்னேன் என்று எழுதித் தருகிறேன். எங்கே வேண்டுமானாலும் வந்து நிற்கிறேன். என்ன நடக்கிறது என்று உடனே எழுதுங்கள். இல்லை, போன் பண்ணுங்கள். நான் எடுப்பேன்.

உங்கள் தம்பி,
உடையப்பன்


தஞ்சோங் மாலிம்
27 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி உடையப்பனுக்கு,

போனில் கூப்பிட்டால் நான் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எண்பத்தாறு! வாசித்தவுடன் கை தட்டினேன். பக்கத்து மேசைக்காரி என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

இன்று காலை பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். ஆபீஸ் வாசலில் நின்றபடி என் பெயரை முழுதாகக் கூப்பிட்டார். கையில் அந்தப் பழுப்பு உறை. ஏன் என்னை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று காரணம் கேட்கும் கடிதம் என்று பிரிக்காமலே தெரியும். ஒரு கணம், ஆள் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், உண்மையாகத்தான். சீனியின் தைரியம் எனக்கு வந்துவிட்டதோ என்று சிரிப்பும் வந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தெளிவாகவே போட்டேன்.

பதில் எழுத இருபத்தொரு நாள் தந்திருக்கிறார்கள். நீங்கள் எழுதித் தருவதை இணைக்கிறேன், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நீக்குவார்களா, விடுவார்களா, தெரியாது. நீக்கினால் என் நூற்றைம்பது நாளும் போகும். முப்பத்தைந்து வருஷத்தில் சேர்த்தது. அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட மூன்று நாளுக்கு மேல் நான் எடுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

கையெழுத்துப் போட்டு வாங்கிய கையோடு உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இந்த முறை என் பெயரில், என் கடவுச்சொல்லில். பத்து நாள் லீவு என்று தட்டினேன். மிச்சம் நூற்று நாற்பது என்று காட்டியது. அழிக்கவில்லை, அனுப்பிவிட்டேன். மதியத்துக்குள் அனுமதி வந்துவிட்டது, எழுத்தில்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் தெலுக் இந்தான் வருகிறேன். நவமணிக்குக் கஞ்சி ஊட்ட எனக்கும் ஒரு வேளை தாருங்கள். அவள் கேட்டால், கண்ணாடி அக்காவுக்கு லீவு என்று சொல்லுங்கள்.

கலாதேவி